முகட்டில் நடக்க யாரைக் கேட்கணும்?

வாணியாறு அணைக்கு மேலே ஏறும் ஒத்தையடிப் பாதையில், முதல் திருப்பத்திலேயே அண்ணன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். "எவனாவது நிறுத்திக் கேட்டா, சேர்வராயன் கோவிலுக்குப் போறோம்னு சொல்லுப்பா. சும்மா நடக்க வந்தோம்னு மட்டும் சொல்லிடாத."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டிக்காரங்களுக்கு மலை என்பது தினமும் பார்க்கிற சுவர் மாதிரி. தெற்கே திரும்பினால் சேர்வராயன் மலை. அதன் மறுபக்கம் இறங்கினால் சேலம். கிழக்கே சித்தேரி மலை. இரண்டுக்கும் நடுவில் மஞ்சவாடி கணவாய் வழியாக சேலம் – அரூர் சாலை போகிறது. வாணியாறு சேர்வராயன் மலையில் பிறந்து, முள்ளிக்காட்டுப் பக்கம் அணையில் கொஞ்ச காலம் தங்கி, அப்புறம் வடகிழக்கே போய்த் தென்பெண்ணையில் சேர்கிறது. மழை வருமா வராதா என்று எங்க ஊரில் யாரும் போனைப் பார்ப்பதில்லை. மலையைத்தான் பார்ப்பார்கள். மேகம் முகட்டை மூடியிருந்தால் சாயங்காலம் கொடியில் துணி இருக்காது.

இத்தனை வருஷம் பார்த்த மலையில் நான் ஏறினதே இல்லை. ஏற்காடு போயிருக்கிறேன், எல்லோரையும் போல சேலம் சுற்றி, பஸ்ஸில், வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கிக்கொண்டு. ஆனால் எங்க பக்கத்துச் சரிவில் காலால் ஏறினதில்லை. ஏறணும் என்ற ஆசை வந்ததும் இந்த மலையைப் பார்த்து வரவில்லை, அதுதான் வெட்கக்கேடு. இங்கிலாந்தின் மூர்களில் நடப்பதைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். மரமில்லாத மேட்டு நிலம், ஊதாப்பூ பூத்த குட்டைப் புதர்கள், கறுத்த சேற்று மண், காற்று, ஆளில்லாத நீண்ட முகடு. ஒருத்தர் காலையில் கிளம்பி சாயங்காலம் வரை யாரையும் பார்க்காமல் நடக்கிறார். எதுவும் நடப்பதில்லை. அந்த 'எதுவும் நடக்காதது'தான் கட்டுரையே. நமக்கும் ஒரு மலை இருக்கே, நாமும் இப்படிப் போனால் என்ன என்று தோன்றியது.

அண்ணன் மலைமேல் ஊர்க்காரர். மலையாளி. கேரளாவோடு சம்பந்தமில்லாத மலையாளி. மலையை ஆள்பவர் என்ற பொருளில் சொல்லப்படும் பழங்குடிப் பெயர். பேசுவது தமிழ். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். நான் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் அவர் நிற்பதில்லை, நடையை மட்டும் குறைத்துக்கொள்வார். "எதுக்குப்பா நடக்கணும்ங்கற?" என்று கீழேயே கேட்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை. அவர் இந்தப் பாதையில் சந்தைக்கு இறங்கியிருக்கிறார், கடுக்காய் மூட்டை சுமந்திருக்கிறார், காய்ச்சலில் கிடந்தவரைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்திருக்கிறார், பெண் பார்க்கப் போயிருக்கிறார். சும்மா மட்டும் வந்ததில்லை.

அவர்கள் இந்த மலைக்கு வந்த கதையே ஒரு நடைக்கதைதான். முன்னோர்கள் காஞ்சியிலிருந்து தங்கள் சாமி காரிராமனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்களாம். மூன்று அண்ணன் தம்பிகள். பெரியண்ணன் சேர்வராயனில் தங்கினார், நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனார், சின்னண்ணன் கொல்லிமலைக்குப் போனார். இந்தக் கதையில் எவ்வளவு வரலாறு என்று ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். எனக்குப் பிடித்தது வேறு: தங்கள் ஊரை இவர்கள் சொல்லும்போது ஒரு தூரத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். மலை இவர்களுக்கு நடந்து வந்து சேர்ந்த இடம்.

முதல் ஏற்றம் முடிந்து ஒரு பாறைத் திட்டில் உட்கார்ந்தோம். கீழே அணை சின்னதாக, கவிழ்த்துப் போட்ட கண்ணாடித் துண்டு மாதிரி கிடந்தது. சுற்றிலும் உண்ணிச்செடி. நடுநடுவே ஈச்சமரம். அமைதியாகத்தான் இருந்தது. கட்டுரைகளில் படித்த அதே அமைதி என்று நினைத்துக்கொண்டேன்.

பாதையோரம் கற்களை வட்டமாக அடுக்கி ஒரு குவியல். ஏதோ சாமி என்று நினைத்துக் கும்பிடப் போனேன். அண்ணன் இப்போதுதான் சிரித்தார். "அது ரிசர்வ் எல்லைப்பா. இதுக்கு அந்தப் பக்கம் சர்க்கார் காடு."

இந்தக் கல் குவியல் எப்படி இங்கே வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1792. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். நிர்வாகம் பண்ண வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை கவர்னர், இன்று தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் அதே மன்றோ. 1799 வரை அவர் பாரமகாலில் இருந்தார், அதில் பெரும்பகுதி தர்மபுரியில். ஒவ்வொரு வயலையும் அளந்து, உழுகிறவனிடம் நேரடியாக வரி போடும் ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணில்தான். நம்ம ஊரைப் பற்றி இந்திய வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் வரக்கூடிய ஒரே இடம் அது. ஆனால் ஊர் பெயர் வராது.

அளந்த நிலத்துக்கு வரி. உழாத, வரி வராத நிலத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: வேஸ்ட். நாம் 'தரிசு' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். சாமை விதைத்துவிட்டு மூன்று வருஷம் மண்ணை ஆறப்போடும் மலைச்சரிவும், மாடு மேயும் புல்மேடும், தேன் எடுக்கும் பாறையும் இந்த ஒரு சொல்லுக்குள் போய்விட்டன.

இந்தச் சொல் இங்கே பிறந்ததில்லை என்பதுதான் சுவாரஸ்யம். இங்கிலாந்தில் பண்ணைப் பிரபுக்களின் எல்லைக்குள் இருந்த மூர்களையும் மேடுகளையும் சட்டத்தில் இப்படித்தான் சொன்னார்கள். வேஸ்ட். ஆனால் அந்த 'வீண்' நிலத்தில் ஊர்க்காரர்களுக்கு உரிமைகள் இருந்தன: ஆடு மேய்க்கலாம், எரிக்க மண்கட்டி வெட்டலாம், சுள்ளி பொறுக்கலாம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வேலியடைப்புச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து இந்த நிலங்களைத் தனியார் சொத்தாக்கின. மேய்த்தவர்கள் ஆலை நகரங்களுக்குப் போனார்கள். மூர்களில் கவுதாரி மாதிரியான ஒரு பறவையை வளர்த்து, வருஷத்தில் சில வாரங்கள் கோமகன்கள் வேட்டையாடினார்கள். மீதி நாளெல்லாம் காவல்காரர்கள் தடியோடு சுற்றினார்கள். நான் படித்து ஏங்கிய 'ஆளில்லாத முகடு' இப்படித்தான் ஆளில்லாமல் ஆனது.

அந்த இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்கு சேர்வராயன் மலை கண்ணில் பட்டபோது என்ன தோன்றியிருக்கும்? குளிர், மூடுபனி, புல்மேடு. ஊர் ஞாபகம் வந்திருக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச்செடியைக் கொண்டுவந்தார். கூடவே பேரிக்காய் மாதிரியான பழமரங்களும். அடுத்த சில பத்தாண்டுகளில் தோட்டங்கள் பெருகின. பெரியண்ணன் வந்து தங்கிய மலையில் 'லேடீஸ் சீட்', 'பகோடா பாயிண்ட்' என்று புதுப்பெயர்கள் முளைத்தன. உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் இடத்துக்குப் பெயர் வைப்பது மலையாளிகளுக்குப் புதுசு. அவர்களுடைய பெயர்கள் சோலை, காடு, கரடி, சாமி என்று இருக்கும்.

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று முடித்துவிடவும் முடியாது. இந்த மலையை நிஜமாகவே காலால் படித்த ஒருவர் உண்டு: ராபர்ட் புரூஸ் ஃபூட். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து 33 வருஷம் தென்னிந்தியாவைச் சுற்றியவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்து, இது பழைய கற்கால மனிதன் செய்த கருவி என்று அடையாளம் கண்டவர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்த ஒரு கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. ஓய்வுக்குப் பிறகு அவர் வீடு வைத்தது ஏற்காட்டில். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த பெயர்: யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். அவரும் தன் கடைசிக் காலத்தை ஏற்காட்டில்தான் கழித்தார்.

சேர்வராயன் மலையில் ஃபூட் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட புதிய கற்காலக் கோடரிகளைச் சேகரித்தார். நம்ம பக்கத்து மலைகளில் அந்தக் கோடரிகளைக் கும்பிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. உழும்போது கிடைக்கும் கல்லை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. மரத்தடிப் பிள்ளையாரிடம் வைத்துவிடுவார்கள். கருவி செய்தவனுக்கும் கும்பிடுகிறவனுக்கும் நடுவில் சில ஆயிரம் வருஷங்கள். அத்தனை காலமும் இந்தச் சரிவுகளில் யாரோ நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஃபூட்டின் சேகரிப்பு இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'தரிசு' என்று சொல்லப்பட்ட நிலத்திலிருந்து வந்த கற்கள்.

இப்போது கல் குவியலுக்கு வரலாம்.

1878இல் கல்கத்தா அரசு வனச்சட்டம் கொண்டுவந்தபோது மதராஸ் மாகாணம் அதை ஏற்கவில்லை. இது கொஞ்சம் ஆச்சரியமான விஷயம். இங்கே வருவாய்க் கழகத்தில் இருந்த அதிகாரிகள், ஏதாவதொரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு இந்த மாகாணத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, காட்டின் மேல் ஊர்க்காரர்களுக்கு வழிவழியாக உரிமை இருக்கிறது, அரசாங்கம் அதைத் தன் சொத்து என்று சொல்லிவிட முடியாது என்று வாதாடினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள்தான் வாதாடினார்கள். தோற்றுப்போனார்கள். ரயிலுக்கு விறகும் தண்டவாளக் கட்டையும் தேவைப்பட்ட காலம். 1882இல் மதராஸ் வனச்சட்டம் வந்தது. காடுகள் ஒவ்வொன்றாக 'ரிசர்வ்' ஆயின. எல்லையில் கல் அடுக்கினார்கள். அதுவரை மாடு ஓட்டிப்போன பாதை அந்தக் கல்லைத் தாண்டியதும் குற்றமாகிவிட்டது. ஏறியவன் மாறவில்லை, மாடும் மாறவில்லை. சட்டம் மட்டும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சுதந்திரம் வந்தது. 1965இல் சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமானது. கல் குவியல் அதே இடத்தில் இருந்தது.

அண்ணன் எழுந்து நடக்க ஆரம்பித்தார். முகடு வந்ததும் காற்று திடீரென்று மாறியது. கிழக்கே, கணவாய்க்கு அந்தப் பக்கம், சித்தேரி மலை நீலமாக நீண்டு கிடந்தது. அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். "அந்த மலையோட அடிவாரம்தான் வாச்சாத்தி."

அதுக்கு மேல் அவர் பேசவில்லை. அந்தப் பெயரைச் சொன்ன பிறகு எங்க பக்கத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

இதைப் படிக்கிற பலர் 1992க்குப் பிறகு பிறந்தவர்களாக இருப்பீர்கள். அதனால் நடந்ததைச் சுருக்கமாகவாவது எழுதிவிடுகிறேன். 1992 ஜூன் 20. சந்தன மரம் கடத்திப் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். ஆண்களில் பெரும்பாலோர் மலைக்கு ஓடிவிட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வயசானவர்களையும் ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆடு கோழிகளைக் கொன்றார்கள், கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். 90 பெண்களும் 28 குழந்தைகளும் உட்பட 133 பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அப்புறம் அந்த ஊரில் அமைதிதான். ஆள் இல்லாத, அடுப்பு எரியாத அமைதி.

அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிக் கட்சிக்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். 1995இல் வழக்கு சிபிஐக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. ஒருத்தர்கூட விடுபடவில்லை. மேல்முறையீடு போனது. உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே வந்து, சம்பவம் நடந்த இடங்களை நேரில் பார்த்து, மக்களிடம் பேசினார். அதே வருஷம் செப்டம்பர் 29, முதல் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, தண்டனையை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். நடந்ததற்கும் இதற்கும் நடுவில் 31 வருஷம். அந்த 31 வருஷமும் அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு நடந்தார்கள். இந்த மாவட்டத்தில் நடந்த மிக நீண்ட நடை அதுதான்.

சம்பந்தமில்லாமல் எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வந்தது. சம்பந்தம் இல்லாமலும் இல்லை.

1932 ஏப்ரல் 24. மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கத்து ஆலைத் தொழிலாளிகளும் இளைஞர்களுமாகச் சில நூறு பேர், கிண்டர் ஸ்கவுட் என்ற மூர் மேட்டில் அனுமதி இல்லாமல் ஏறினார்கள். வாரம் முழுக்க ஆலைப் புகையில் கிடந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்கு எதிரே இருக்கும் மலையில் கால் வைக்கக் கூடாதா என்பதுதான் கேள்வி. காவல்காரர்களோடு தள்ளுமுள்ளு ஆனது. ஐந்து பேருக்குச் சிறை. முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது இருபது வயசு. நான்கு மாதம் உள்ளே இருந்தார். ஆனால் அந்த ஏற்றம் மறக்கப்படவில்லை. 1951இல் அந்தப் பகுதி நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. 2000இல் வந்த சட்டம் திறந்த மூர்களில் யாரும் நடக்கலாம் என்றது. 2002இல், எழுபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில், அந்த நிலத்தின் பழைய உடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த டெவன்ஷயர் கோமகன் மேடையேறி, தன் தாத்தா செய்தது தப்பு என்று மன்னிப்புக் கேட்டார்.

நான் படித்த கட்டுரைகளின் அமைதிக்கு அடியில் இந்தச் சத்தம் இருந்திருக்கிறது. அந்த எழுத்தாளர் எதுவும் நடக்காமல் ஒரு நாள் முழுக்க நடக்க முடிகிறதென்றால், அவருக்கு முன்னால் யாரோ நடந்து சிறைக்குப் போயிருக்கிறார்கள். நம்ம ஊரிலும் 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தலைமுறைகளாகக் காட்டில் வாழ்பவர்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தச் சட்டத்தின் முன்னுரையே ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொண்ட தாள் டெல்லியில் இருக்கிறது. கல் குவியல் இங்கே இருக்கிறது.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கிண்டரில் கேட்டது ஞாயிற்றுக்கிழமை நடை. வாச்சாத்தியில் பறிபோனது வீடு, உடம்பு, இரவில் தூங்கும் தைரியம். ஆனால் இரண்டு இடத்திலும் அடியில் கிடப்பது அந்த ஒரே சொல். ஒரு நிலத்தை 'வேஸ்ட்' என்று எழுதிவிட்டால், அதில் நிற்கும் ஆள் முதலில் கண்ணில் படமாட்டான். பட்டால் திருடனாகப் படுவான்.

முகட்டில் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். புல் முழங்கால் உயரம். அண்ணன் ஓரிடத்தில் குனிந்து ஏதோ இலையைக் கிள்ளி முகர்ந்து, என்னிடம் கொடுத்து, பெயர் சொன்னார். இன்னொரு இடத்தில், இங்கே தன் அப்பா சாமை போட்டிருந்தார் என்றார். உண்ணிச்செடிதான் தெரிந்தது எனக்கு. "இந்தப் பக்கம் ஒரு சுனை. மாடு தானா வந்து குடிக்கும்." போய்ப் பார்த்தோம். தண்ணீர் இருந்தது. நான் காலி முகடு என்று நினைத்த இடத்தில் அவர் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு ஆளை, ஒரு மாட்டை, ஒரு சண்டையைப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு அமைதியாக இருந்த இடம் அவருக்கு முழுக்கப் பேச்சாக இருந்தது.

"ணா, உங்களுக்கு இங்க பயமா இருந்திருக்கா?" என்று கேட்டேன்.

"மிருகத்துக்கா?" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு அவரே சொன்னார்: "ஒரு காலத்துல காக்கித் துணி கண்ணுல பட்டாலே புதருக்குள்ள பூந்துடுவோம். ஒண்ணும் எடுத்திருக்க மாட்டோம். வெறுங்கையோடதான் இருப்போம். இருந்தாலும் பூந்துடுவோம்."

இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. எல்லைக் குவியலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கீழிருந்து பைக்கை நிறுத்திவிட்டு நடந்து வந்த ஒருவர் எங்களைப் பார்த்தார். காக்கி இல்லை, சாதாரணச் சட்டைதான். யாரென்று தெரியாது. ஒரு தோட்டக்காரராக இருக்கலாம், மாட்டைத் தேடி வந்தவராகவும் இருக்கலாம். "எங்க போய்ட்டு வரீங்க?" என்றார்.

கோவிலுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அண்ணன் சொல்லிவிட்டார்.

"சும்மா. நடந்துட்டு வரோம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஆனால் நடையை வேகப்படுத்தவில்லை என்பதை நான் கவனித்தேன்.